நொடிக்கு அரைத் தேக்கரண்டி: குழம்பின் ஓட்டத்தை அளப்பது எப்படி?

'ஓட்ட வீதம்' என்று கேள்வியில் வந்தால் பல மாணவர்கள் 'வேகம்' என்று நினைத்துப் பதில் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. திரவம் நொடிக்கு எத்தனை மீட்டர் நகர்கிறது என்பது வேகம். நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் கடக்கிறது என்பது ஓட்ட வீதம். இந்த வேறுபாட்டை வகுப்பில் விளக்க ஒரு நல்ல எடுத்துக்காட்டு கணினிச் சில்லு ஆலையில் இருக்கிறது. கூலிமிலும் சிங்கப்பூரிலும் அப்படிப்பட்ட ஆலைகள் உண்டு.

சில்லுக்கான சிலிக்கன் தகட்டைச் சுழலும் திண்டின் மேல் அழுத்தி, 'ஸ்லரி'யை ஊற்றித் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவான முறை இது. ஸ்லரியைத் தமிழில் குழம்பு என்றால் வகுப்பில் சிரிப்பு வரும். வரட்டுமே! நீரில் நுண்துகள் கலந்து நிற்பதுதானே அதுவும். முடியின் தடிமனைவிடப் பல நூறு மடங்கு சிறிய சிலிக்காத் துகள்கள் அதில் இருக்கும்.

நிமிடத்துக்கு 150 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 2.5, அதாவது அரைத் தேக்கரண்டி. இது குறைந்தால் தகட்டில் கீறல் விழலாம், மேற்பரப்பு மேடு பள்ளமாகலாம். பல வாரம் பல நூறு படிகளைக் கடந்து வந்த தகடு ஒரே நிமிடத்தில் குப்பைக்குப் போய்விடும். கூடினால், விலையுயர்ந்த குழம்பு வீணாகச் சாக்கடைக்குப் போகும்.

சரி, எதைக் கொண்டு அளப்பது? சுழலும் சக்கரம் வைத்த மீட்டர் சரிவராது. மெல்லிய ஓட்டத்தில் சக்கரம் நின்றுவிடும், துகள் அதன் அச்சைத் தேய்த்துவிடும். சிறுதுளை வைத்து அழுத்த வேறுபாட்டை அளக்கலாமே என்பீர்கள். துளையில் துகள் படியும். அதோடு, ஓட்டம் பாதியானால் அழுத்த வேறுபாடு கால்வாசியாகிவிடும். ஓட்டம் குறையக் குறைய அளவி குருடாகிப் போகும்.

அதனால்தான் மீயொலி. குழாய்க்கு வெளியே இரண்டு உணரிகள். ஒலி ஓட்டத்தோடு போனால் சற்று முந்தும், எதிர்த்துப் போனால் சற்றுப் பிந்தும். குழம்பை எதுவும் தொடுவதில்லை. எவ்வளவு முந்தும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா? குழாயின் உள்விட்டம் 4 மில்லிமீட்டர் என்றால் குழம்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.2 மீட்டர். ஒலி நொடிக்கு 1500 மீட்டர், பாதை 5 சென்டிமீட்டர். நேர வேறுபாடு = 2 × நீளம் × குழம்பின் வேகம் ÷ ஒலி வேகத்தின் வர்க்கம். விடை ஏறத்தாழ 9 நானோ நொடி! ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்பது. ஓட்டம் பாதியானால் இதுவும் பாதிதான் ஆகும், கால்வாசி ஆகாது. ஆனால் காற்றுக்குமிழி வந்தால் ஒலி சிதறி அளவு குழம்பிவிடும்.

மீட்டர் சொல்வது சரிதானா என்று பார்க்க ஆலையிலும் பழைய வழிதான்: ஒரு நிமிடம் பிடித்துத் தராசில் வைப்பது. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழம்பு நீரைவிடக் கனமானது. அடர்த்தி 1.05 என்றால் தராசு 157.5 கிராம் காட்டும். அதை அப்படியே மில்லிலிட்டராக எழுதாதீர்கள், 1.05ஆல் வகுத்தால்தான் 150 கிடைக்கும்.