மாண்டும் மீண்ட கழகம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

கால்பந்து என்றவுடன் நம் மாணவ நண்பர்கள் ரியல் மாட்ரிட் என்பர். மான்செஸ்டர் யுனைடெட் என்பர். வெற்றிக் கோப்பைகளை அடுக்கி வைத்திருக்கும் அக்கழகங்களைப் பற்றி எழுத எத்தனையோ பேர் உண்டு. நான் இங்கு எழுதப் புகுவது, கோப்பைகளால் பெயர் பெறாத ஒரு சிறு கழகத்தைப் பற்றி. இங்கிலாந்து நாட்டின் அக்ரிங்டன் ஸ்டான்லி என்பதே அது. ஒருமுறை மாண்டு, மறுபடி பிறந்து, இழந்த இடத்தை 44 ஆண்டுகள் கழித்துப் பெற்ற கழகம் அது.

ஊரும் பெயரும்

லங்காஷயர் மாவட்டத்தில், மான்செஸ்டருக்கு வடக்கே உள்ளது அக்ரிங்டன். பஞ்சாலைகளாலும் கெட்டியான செங்கல்லாலும் பெயர் பெற்ற தொழிலாளர் நகரம். 1888-இல் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் சேர்ந்த 12 கழகங்களுள் அக்ரிங்டன் என்ற கழகமும் ஒன்று. ஆனால் அது 1893-இல் லீக்கை விட்டு விலகியது. சில ஆண்டுகளில் கலைந்தும் போயிற்று. இதற்கிடையே 1891-இல் அவ்வூரின் ஸ்டான்லி தெருவைச் சேர்ந்தோர் தொடங்கிய குழு ஒன்று, பிற்பாடு ஊர்ப்பெயரையும் தன்னோடு சேர்த்து அக்ரிங்டன் ஸ்டான்லி ஆயிற்று. ஒரு தெருவின் பெயர் இப்படித்தான் நாடறிந்த பெயராகியது. 1921-இல் லீக்கின் மூன்றாம் பிரிவில் (வடக்கு) இக்கழகத்திற்கு இடம் கிடைத்தது.

வரவுக்கு மிஞ்சிய செலவு

1950-களில் இக்கழகம் நன்றாகவே ஆடியது. வளர்ச்சியின் ஆசை அங்கேதான் குறுக்கிட்டது. 1958-இல், ஆல்டர்ஷாட் நகரில் இராணுவ அணிவகுப்புக் காட்சிக்குப் பயன்பட்ட பழைய பார்வையாளர் மேடை ஒன்றைக் கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கிய விலை குறைவுதான். பிரித்து, ஏற்றி வந்து, மீண்டும் நிறுத்துவதற்கு ஆன செலவோ அவ்விலையைப் போல் பல மடங்கு! ஆட்டம் பார்க்க வருவோர் தொகையோ குறைந்துகொண்டே வந்தது. அணி நான்காம் பிரிவுக்கு இறங்கியது. கடன் ஏறியது.

1962 மார்ச்சு மாதம், ஆட்டப் பருவத்தின் நடுவிலேயே, கழகம் லீக்கிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதிவிட்டது. சில நாட்களில் உதவிக் கரம் நீட்டச் சிலர் முன்வரவே, கடிதத்தைத் திரும்பப் பெற முயன்றனர். லீக் நிர்வாகம் இணங்கவில்லை. அப்பருவத்தில் அக்ரிங்டன் அதுவரை ஆடியிருந்த 33 ஆட்டங்களின் முடிவுகளும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அவர்களை வென்றோர் பெற்ற புள்ளிகளும் போயின. அவர்களிடம் தோற்றோரின் தோல்விகளும் மறைந்தன. கணிதம் பயிலும் எனக்கு, ஓர் எண்ணை அழிப்பதால் எத்தனை எண்கள் மாறுகின்றன என்பது வியப்பாய் இருந்தது. காலியான இடத்தில் ஆக்ஸ்போர்டு யுனைடெட் சேர்க்கப்பட்டது. சிறிய லீக்குகளில் நான்கு ஆண்டுகள் தள்ளாடிய அக்ரிங்டன் ஸ்டான்லி 1966-இல் மூடப்பட்டது.

திறந்த கதவு

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் 1968-இல் ஊர்மக்கள் தொழிலாளர் மன்றம் ஒன்றில் கூடி, அதே பெயரில் புதிய கழகத்தைத் தொடங்கத் தீர்மானித்தனர். 1970-இல் கிரவுன் மைதானத்தில், வட்டார லீக்கின் கீழ்மட்டத்திலிருந்து ஆட்டம் தொடங்கியது.

இங்கே ஒரு விதியை விளக்கியாக வேண்டும். அந்நாளில் நான்கு பிரிவுகளிலும் சேர்த்து லீக்கில் 92 கழகங்கள் இருந்தன. கடைசிப் பிரிவின் கடைசி நான்கு கழகங்களும் வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் கழகங்களும் வாக்கெடுப்புக்கு நிற்கும். வாக்களிப்போர் பெரும்பாலும் உள்ளே இருந்த கழகத்தாரே. அவர்கள் பழகிய முகங்களுக்கே வாக்களிப்பது வழக்கம். ஆகவே வெளியில் இருப்பவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கதவு திறப்பது அரிது. 1987 முதல் இது மாறியது. ஐந்தாம் படியில் முதலிடம் பெறும் கழகம், மைதானம் முதலிய நிபந்தனைகளை நிறைவேற்றினால், வாக்கெடுப்பின்றி மேலேறலாம் என்றாயிற்று. என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். வாயிலில் நின்று, 'உன்னை எனக்குத் தெரியுமா?' என்று கேட்பதற்கும், 'நீ பெற்ற மதிப்பெண் என்ன?' என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் நன்கு அறிவேன்.

1980-களின் இறுதியில் ஒரு பால் விளம்பரம் இக்கழகத்தின் பெயரையே 'அது யார்?' என்ற கேலிக்குப் பயன்படுத்தியது. கழகத்தார் மனந்தளரவில்லை. 1999-இல் ஜான் கோல்மன் பயிற்றுநராக வந்தபின் படிப்படியாக மேலேறினர். 2003-இல் ஐந்தாம் படியை எட்டி, 2006-இல் அதில் முதலிடம் பெற்று, லீக்குக்குள் மீண்டும் நுழைந்தனர். அதே ஆண்டு லீக்கிலிருந்து கீழே இறங்கிய இரு கழகங்களுள் ஒன்று எது தெரியுமா? 1962-இல் அக்ரிங்டனின் இடத்தைப் பெற்ற அதே ஆக்ஸ்போர்டு யுனைடெட்! 2018-இல் அக்ரிங்டன் நான்காம் பிரிவின் வெற்றி வீரராகி மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்தது. 2023-இல் மீண்டும் இறங்கியது.

நாம் கொள்ள வேண்டியது

நல்லாட்டம் மட்டுமே ஒரு கழகத்தைக் காப்பாற்றிவிடாது. 1885-இல் தோன்றி, எஃப்.ஏ. கோப்பையை இருமுறை வென்ற பரி என்னும் அண்டை நகரக் கழகம், 2019-இல் பணநெருக்கடியால் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அதுவும் நல்ல ஆட்டம் ஆடி மேற்பிரிவுக்கு உயர்ந்த சில மாதங்களுக்குள்! வரவு செலவுக் கணக்கு சரியாயில்லாவிட்டால் கோல் கணக்கு காப்பாற்றாது என்பதற்கு இதுவே சான்று.

நம் ஊர்களிலும் தெருப்பெயர் தாங்கிய குழுக்கள் எத்தனையோ உள்ளன. ஒரு பந்தும், மாலை வெயிலும், ஆளுக்குக் கொஞ்சம் சந்தாவும் அவற்றின் சொத்து. அவற்றை நடத்தும் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டே. கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக எழுதுங்கள். குழுவின் பெயரை மறக்க விடாதீர்கள். பெயர் நினைவில் இருக்கும்வரை, அதைச் சொல்லி மறுபடியும் பதினோரு பேரைத் திரட்டலாம்.