பீஜகணிதமும் குடியானவர் கணக்கும்

பீஜகணிதம் என்றவுடன், அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே உரியதென்று நம் சங்க அங்கத்தினர் பலரும் எண்ணுவர். உண்மையில் குடியானவர் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே அதனைக் கையாண்டு வருகின்றனர். “வண்டி வாடகை இவ்வளவு, அதற்கு மேல் பெட்டிக்கு இவ்வளவு கூலி” என்று திண்ணையில் அமர்ந்து அவர் வாய்க்கணக்காகச் சொல்வது ஒரு சமீகரணமே. தராசின் இரு தட்டுகளும் சமமாய் நிற்பதுபோல், இரு பக்கத்துத் தொகைகளும் சமமென எழுதிக் காட்டுவது சமீகரணமாகும். தெரியாத தொகைக்கு ஓர் எழுத்தை வைத்து, தெரிந்தவற்றைக் கொண்டு அதன் அளவைக் காண்கிறோம். இம்முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் இயற்றிய நூலிலேயே இதற்குரிய விதிகள் காணப்படுகின்றன.

சங்கத்துக் காரியங்களில் இது பயன்படும் மூன்று இடங்களை இங்கு விளக்குவோம். கீழ்வரும் விலைகளும் வட்டிகளும் உதாரணத்திற்காக வைத்தவை. அவரவர் தம் ஊர்த் தொகைகளை அவ்விடங்களில் இட்டுப் பார்ப்பாராக.

முதலாவது, சந்தைக் கணக்கு. 2004-ஆம் வருஷத்தில் தருமபுரியினின்றும் பிரிந்து தனி ஜில்லாவான கிருஷ்ணகிரியில், ராயக்கோட்டை தக்காளிக்குப் பேர்பெற்ற சந்தை. ஓசூரைக் கடந்தால் சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. எங்கே கொண்டுபோவது என்பது இப்பகுதிக் குடியானவரின் நித்தியக் கேள்வி. ராயக்கோட்டையில் பெட்டி 300 ரூபாய் என்றும், கூட்டு வண்டியில் பெட்டிக்கு 20 ரூபாய் கூலி என்றும் கொள்வோம். நிகரமாய் நிற்பது பெட்டிக்கு 280. பெங்களூரில் பெட்டி 350 ரூபாய். இறக்குகூலி 10 போக 340 நிற்கும். ஆனால் பெட்டி எத்தனையாயினும் தனி வண்டி வாடகை 3,000 ரூபாய் கொடுத்தாக வேண்டும். பெட்டிகளின் தொகையை ‘ப’ என்க. இரு சந்தைகளிலும் வரும்படி சமமாகும் இடம்:

340 ப − 3,000 = 280 ப

இரு பக்கத்திலும் 280 ப-வைக் கழித்தால் 60 ப = 3,000. ஆகவே ப = 50. ஐம்பது பெட்டிக்குக் குறைந்தால் ராயக்கோட்டையும், மிகுந்தால் பெங்களூரும் இலாபம். இருபது பெட்டி வைத்திருக்கும் ஒருவர் தனியே பெங்களூர் சென்றால் 3,800 ரூபாயே பெறுவார். அருகில் விற்றால் 5,600 கிடைக்கும். அவரைப் போன்ற மூவர் சேர்ந்து அறுபது பெட்டியாக அனுப்பினால் 17,400 வரும். அருகில் விற்றால் 16,800. ஆளுக்கு 200 ரூபாய் ஆதாயம். கூடி விற்பதனால் வரும் நன்மை இவ்வளவென்று கணக்கே காட்டுகிறது. எனினும் வண்டி போய்ச் சேருமுன் பெங்களூர் விலை பெட்டிக்கு 30 ரூபாய் இறங்கினால், 30 ப = 3,000 ஆகி, சமநிலை நூறு பெட்டிக்கு ஏறிவிடும். அப்போது அந்த அறுபது பெட்டியும் நஷ்டமே. ஆதலின் விலை விசாரியாமல் வண்டி பேசலாகாது.

இரண்டாவது, கடன் கணக்கு. குடியானவரைக் கடன்சுமையினின்றும் மீட்கும் வழியை ஆராய்ந்து, சர் பிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை அளித்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. முன்னாளில் ஐக்கிய நாணய சங்கம் என வழங்கிய நம் சங்கங்களுக்கு அதுவே தோற்றுவாய். இத்தனை வருஷங்களுக்குப் பின்னும், சங்கத்தில் வட்டி குறைவாயிருக்க, ஏழை அங்கத்தினர் லேவாதேவிக்காரரிடமே செல்வது ஏன்? அறியாமையே காரணம் என்று சொல்லிவிடுதல் எளிது. கணக்கு வேறொன்று சொல்கிறது.

ஒருவருக்கு 10,000 ரூபாய் வேண்டும். லேவாதேவிக்காரர் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வீட்டிலேயே கொடுக்கிறார்; மாதம் 200 ஆகிறது. சங்கத்தில் நூற்றுக்கு 1 ரூபாய், மாதம் 100. ஆனால் சான்று வாங்க ஒரு நாள், மனுக் கொடுக்க ஒரு நாள், பணம் பெற ஒரு நாள் என மூன்று நாள் அலைச்சல். நாளொன்றுக்குக் கூலி நஷ்டமும் பஸ் கட்டணமும் சேர்ந்து 500 ரூபாயானால், மொத்தம் 1,500. மாதங்களை ‘ம’ என்க.

1,500 + 100 ம = 200 ம

ஆகவே ம = 15. கடன் பதினைந்து மாதம் நின்றாலன்றிச் சங்கத்தால் இவருக்கு மிச்சமில்லை. ஒரு வருஷத்தில் திருப்புவதாயின் சங்கத்தில் 2,700 ரூபாயும், லேவாதேவிக்காரரிடம் 2,400 ரூபாயும் செலவாகும். இதே வட்டியில் 30,000 ரூபாய் வாங்கும் வசதியுள்ளவருக்கோ 1,500 + 300 ம = 600 ம; ஐந்தே மாதத்தில் சமம். அலைச்சல் இருவருக்கும் ஒன்றே. அதன் பாரம் சிறு கடனாளியின் தலையில்தான் விழுகிறது. ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது. தொழிற்சாலைகள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் நாட்கூலி எவ்வளவு உயருகிறதோ, அலைந்து கழியும் நாளின் விலையும் அவ்வளவு உயரும்.

பரிகாரமும் இக்கணக்கிலேயே உள்ளது. வட்டியைக் குறைக்க இயலாவிடினும், மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடித்துக் கொடுத்தால் 1,500 என்பது 500 ஆகும். அப்போது சிறு கடனாளிக்கும் ஐந்தே மாதத்தில் சமநிலை. வருஷத்தில் 700 ரூபாய் மிச்சம். நிர்வாகக் குழுவினர் இதனைக் கருதுவாராக.

மூன்றாவது, பால் கணக்கு. பால் உற்பத்தியாளர் சங்கங்களில் கொழுப்பையும் இதர சத்தையும் சோதித்து விலை தருகின்றனர். தெரியாத தொகைகள் இரண்டாயின் சமீகரணங்களும் இரண்டு வேண்டும். ஒரு ரசீதில் கொழுப்பு நூற்றுக்கு 4, இதர சத்து 8. நூறு கிலோவுக்கு 3,600 ரூபாய். மற்றொன்றில் 5, 9, விலை 4,300. ஒரு கிலோ கொழுப்பின் விலை ‘க’, இதர சத்தின் விலை ‘இ’ என்க.

4 க + 8 இ = 3,600
5 க + 9 இ = 4,300

முதலாவதை நான்கால் வகுக்க, க = 900 − 2 இ. இதனை இரண்டாவதில் இட்டால் 4,500 − இ = 4,300. ஆகவே இ = 200, க = 500. இனி 4.5, 8.4 என்று ஒரு ரசீது வந்தால், நூறு கிலோவுக்கு 2,250 + 1,680 = 3,930 ரூபாய் வரவேண்டும். குறைந்திருந்தால் காரியதரிசியிடம் மரியாதையாகக் கேட்கலாம்; சரியாயிருந்தால் வீண் சந்தேகம் நீங்கும். இரு ரசீதுகளும் ஒரே விலைவிகிதம் நடந்த காலத்தவையாய் இருத்தல் வேண்டும். 4, 8 என்றும் 4.5, 9 என்றும் ஒரே விகிதத்தில் அமைந்த இரண்டைக் கொண்டு ஒன்றும் காண இயலாது. இரண்டாவது புதிதாக எதுவும் சொல்வதில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பெட்டிக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே வீதம் நிற்குமளவும் இக்கணக்கு பொருந்தும். படத்தில் வரைந்தால் நேர்கோடாய் அமையும். செலுத்தாத வட்டி முதலோடு சேர்ந்து வட்டிக்கு வட்டி ஏறத் தொடங்கினால், கோடு வளைந்து மேலே செல்லும். அங்கே இம்முறை கடனைக் குறைத்துக் காட்டும். ஆதலால் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் வட்டி எவ்வாறு ஏறுகிறதென்று கேட்டறிக. பின்பு பள்ளி செல்லும் மகனையோ மகளையோ அருகில் வைத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் இருபக்கக் கணக்கையும் எழுதிப் பார்த்து முடிவு செய்க.