நிறுத்திய மின்சார வண்டிக்குக் காவலாகும் சிறு சோலார் பேனல்

ஏற்காட்டில் காபிப் பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்கினால்தான் தரம் நிற்கும். அந்த நேரம் பார்த்து, பல வாரம் கொட்டகையில் நின்ற மின்சார வண்டி கிளம்ப மறுத்தால் நட்டம்தான்.

மின்சாரக் கார், சரக்கு வண்டிகளில் ஓட்டத்துக்கான பெரிய பேட்டரியோடு 12 வோல்ட் சிறு பேட்டரியும் உண்டு. பூட்டு, அலாரம், ஜி.பி.எஸ். ஆகியவை நின்ற வண்டியிலும் இதிலிருந்து மின்சாரம் எடுக்கும். சில வண்டிகளில் பெரிய பேட்டரி இதைத் தானே நிரப்பும். மற்றவற்றில் இது இறங்கினால் வண்டி உயிர்பெறாது.

இழப்பு 30 மில்லி ஆம்பியர் என்றால், 40 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கே வாரத்தில் பாதியாகும். 20 வாட் பேனல், நாலு மணி நேர நல்ல வெயிலில், சேதாரம் போக 4 ஆம்பியர்-மணிக்கு மேல் தரும். ஐந்து நாள் இழப்புக்கு அது போதும். மூடுபனியில் வரவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினாலும், இடையில் வரும் ஒருநாள் வெயில் ஈடுகட்டும்.

கவனிக்க வேண்டியவை:

* பேனல் சில்வர் ஓக் நிழலில் வேண்டாம். கொட்டகைக் கூரையில் தெற்கு பார்த்துச் சாய்த்து வையுங்கள்.
* பேட்டரி ஈயமா, லித்தியமா என்று பார்த்து, அதற்கேற்ற சார்ஜ் கன்ட்ரோலரும் ஃபியூஸும் பொருத்துங்கள்.
* ஆரஞ்சு நிற ஒயர் உயர் மின்னழுத்தம், தொடவே கூடாது.

பெரிய பேட்டரியை இந்தப் பேனலால் நிரப்ப நினைக்காதீர்கள். 25 யூனிட் பேட்டரி நிரம்ப ஓராண்டுக்கு மேலாகும். ஒழுகுவதை ஈடுகட்டுவதே இதன் வேலை.