மோட்டார் வண்டியின் நீர்ப்பம்பி

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வண்டிகள் தலைமுறை கடந்தும் ஓடின. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடின. அவற்றைக் காத்தது கவனமான பராமரிப்பேயாம். அதற்கோர் எடுத்துக்காட்டாக நீர்ப்பம்பியை நாம் இங்கு எடுத்துக்கொள்வோம்.

எஞ்சினிற் சூடேறிய நீரை றேடியேற்றருக்கு அனுப்பி, ஆறிய நீரை மீட்டும் எஞ்சினுட் செலுத்துவது இப்பம்பி. இவ்வண்டிகளில் விசிறியும் அதன் தண்டிலேயே சுழலும். தண்டைச் சூழ்ந்த அடைப்புத் தேயுமாயின், பம்பியின் அடியிலுள்ள சிறுதுளையால் நீர் கசியும். அத்துளையை அடைப்பது பேதைமை; அது நோயை உரைக்கும் வாய். நீர் வற்றினால் எஞ்சின் கொதித்துச் சிலிண்டர்த் தலை கோணும்.

பம்பியை மாற்றுமுன் எஞ்சினை நன்கு ஆறவிடுக. சூட்டோடு றேடியேற்றர் மூடியைத் திறத்தல் ஆபத்து. பின்னர் நீரை வடித்து, விசிறி வாரையும் இறப்பர்க் குழாயையும் கழற்றிப் பம்பியை எடுக்கலாம். பழைய காஸ்கெற்றின் எச்சங்களைச் சுரண்டித் துடைத்துப் புதியதை இட்டு, ஆணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாய் முடுக்குக. வாரை நடுவில் அழுத்தின் ஏறக்குறைய அரை அங்குலம் தாழ்தல் வேண்டும்.

நமது குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்று நீரோ வன்னீர். கேத்தலின் அடியிற் காணும் வெண்படிவே றேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைக்கும். ஆதலின் காய்ச்சி வடித்த நீரைத் துருத்தடுப்புத் திரவத்துடன் கலந்து வார்த்தல் நன்று. புதுப்பம்பி பூட்டியபின்னும் கிணற்று நீரையே வார்ப்போர், மருந்துண்டு பத்தியம் முறிப்போரை ஒப்பர்.