காக்கி போட்ட பிள்ளைகளுக்குக் காவல் யார்?

காக்கிச் சட்டை, இடுப்பில் பெல்ட், தலையில் தொப்பி. 13, 14 வயசுப் பிள்ளைகள் கையை வீசி வரிசையாக நடந்து போனால், பஸ்சுக்கு நிற்கிறவர்கள்கூட ஒரு நிமிடம் திரும்பிப் பார்ப்பார்கள். செல்போனில் படம் பிடிப்பார்கள். அந்த வரிசைக்குப் பக்கத்தில் வேர்க்க விறுவிறுக்க நடந்து வரும் வாத்தியாரையும் டீச்சரையும் யாரும் கவனிப்பது இல்லை.

போலீஸ் மாணவர் படை ஆரம்பிப்பது சுலபம். உடுப்பு தைத்துவிடலாம். விசில் வாங்கிவிடலாம். பொறுப்புக்கு வருகிற பெரியவர் சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும்? விபரீதம் ஆகும். ஆகியும் இருக்கிறது. அந்த விவரம் பின்னால் வருகிறது.

கேரளாவில் பிறந்தது

நம் நாட்டில் இந்தப் படை பிறந்த இடம் கேரளா. 2010-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந்தேதி முறைப்படி தொடங்கியது. யோசனைக்குச் சொந்தக்காரர் ஐ.பி.எஸ். அதிகாரி பி.விஜயன். முதல் கட்டத்தில் 127 பள்ளிகள், 11,176 மாணவ-மாணவிகள். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்கு 88 பேர். ஒரு அணியில் 22 பையன்கள், 22 பெண்கள். பயிற்சி 2 வருஷம்.

2018 ஜூலை 21-ந்தேதி மத்திய அரசு இதை நாடு முழுவதற்கும் கொண்டு வந்தது. தொடக்க விழா அரியானா மாநிலம் குருகிராமில் நடந்தது. 8, 9-ம் வகுப்பு பிள்ளைகளுக்கு இந்தத் திட்டம். பாட உபகரணம், பயிற்சி, சில்லறைச் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து பள்ளி ஒன்றுக்கு 50 ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டில் "மாணவர் காவல் படை" என்று பெயர். சென்னைக்காரர்களுக்கு இது முழுக்கப் புதுசும் இல்லை. போலீஸ் நிலையங்களை ஒட்டி நடக்கும் சிறார் மன்றங்களை நம் பேட்டைகளில் பார்த்திருக்கிறோம்.

யார் அந்தப் பெரியவர்?

கேரள முறையில் டிரில் சொல்லிக்கொடுக்க போலீஸ் நிலையத்தில் இருந்து ஆண் போலீஸ் ஒருவரும் பெண் போலீஸ் ஒருவரும் வருவார்கள். ஆனால் படையின் பொறுப்பு போலீஸ் கையில் கிடையாது. அதே பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர் 2 பேர் ஏற்க வேண்டும். கணக்கு வாத்தியாராகவும் இருக்கலாம், தையல் டீச்சராகவும் இருக்கலாம். அவர்களுக்கும் போலீஸ் பயிற்சி கொடுத்து, காக்கி உடுப்பு மாட்டிவிடுவார்கள்.

சாக்பீஸ் பிடித்த கை சல்யூட் அடிக்கும்போது ஆரம்பத்தில் பிள்ளைகளுக்குச் சிரிப்புதான் வரும்!

வேலை என்ன என்று கேட்கிறீர்களா? ஸ்கூல் மணி அடிப்பதற்கு முன்னால் பரேடு. சனிக்கிழமை வகுப்பு. ஓணம் லீவு, கிறிஸ்துமஸ் லீவு, கோடை லீவு மூன்றிலும் கேம்ப். போக்குவரத்து விதி, சட்டம், மரம் நடுவது, போதைப்பொருள் பிரசாரம். பெற்றோர் கூட்டம் வேறு. வீட்டில் சம்சாரம் "லீவு நாள்லயுமா?" என்று கேட்டால் பதில் சொல்ல வாயில்லை. இதில் பெரிய வரும்படி ஒன்றும் கிடையாது.

எனக்குப் பிடித்தது அவர்களின் ஒரு திட்டம். பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட, அல்லது கஷ்டத்தில் இருக்கிற சக மாணவனின் வீட்டுக்குப் படைப் பிள்ளைகள் பெரியவர்களோடு போய்ப் பார்க்கிறார்கள். "பிரெண்ட்ஸ் அட் ஹோம்" என்று பெயர். கொரோனா ஊரடங்கின்போது 2020-ல் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்ல "சிரி" என்ற போன் சேவை தொடங்கியது. அதிலும் இந்தப் படையின் மூத்த பிள்ளைகள் பேசினார்கள். லத்தி தேவைப்படாத போலீஸ் வேலை.

குட்டி போலீஸ் தொல்லை

காக்கி போட்டதும் பிள்ளைக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும். பக்கத்து பெஞ்சு பையன் பாக்கெட்டில் ஹான்ஸ் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பான். "நான் இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லிடுவேன்" என்பான். இதை முளையிலேயே கிள்ளுவது பொறுப்பாளர் வேலை. சோதனை போட, பிடித்து வைக்க, மிரட்ட இந்த உடுப்பு அனுமதி தரவில்லை. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மறுபக்கத் தொல்லையும் உண்டு. தேர் இழுக்கிறார்கள், மந்திரி வருகிறார், கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆள் போதவில்லை. "சார், உங்க பசங்க 40 பேரை அனுப்புங்க" என்று ஸ்டேஷனில் இருந்து போன் வரலாம். தண்ணீர் கொடுக்க, வழி காட்ட என்றால் சரி. கயிறு பிடித்துக் கூட்டத்தைத் தள்ள என்றால் "முடியாது ஐயா" என்று சொல்லத் தெரிய வேண்டும். சொல்வது லேசு இல்லை. எதிரே இருப்பவர் இன்ஸ்பெக்டர்!

தொண்டுக்கும் அதிகாரத்துக்கும் நடுவில் உள்ள கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கியது "போலீஸ் நண்பர்கள் குழு". நல்ல நோக்கம்தான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, இந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் சிலர் மீதும் புகார் கிளம்பியது. அடுத்த மாதமே தமிழக அரசு குழுவுக்குத் தடை விதித்தது.

அமெரிக்காவில் நடந்த கொடுமை

முன்னால் சொன்ன விபரீதத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் "எக்ஸ்ப்ளோரர்" என்ற பெயரில் போலீசோடு இணைந்த இளைஞர் படைகள் உண்டு. 2024-ல் மார்ஷல் புராஜெக்ட் என்ற செய்தி நிறுவனம் பழைய ரெக்கார்டுகளைத் துருவிப் பார்த்தது. ஏறத்தாழ 50 ஆண்டுகளில் சுமார் 200 பாலியல் புகார்கள்! குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் போலீஸ்காரர்கள். ரோந்து வண்டியில் பிள்ளையைத் தனியாக ஏற்றிக்கொண்டு சுற்றியதும் இதற்கு வழி செய்தது. "2 பெரியவர்கள் இல்லாமல் எதுவும் கூடாது" என்ற விதி அந்தப் படைகளிலும் இருந்தது. ஏட்டில் இருந்தது.

லண்டன் மாநகர போலீசின் கேடட் படையில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே போலீஸ் அல்லாத பொதுமக்களும் பொறுப்பாளராக வரலாம். ஆபீஸ் முடிந்து சாயங்காலம் வந்து பிள்ளைகளோடு நிற்கிறார்கள். பூர்வோத்தரம் விசாரித்த பிறகுதான் சேர்ப்பார்கள். நம் ஊரிலும் சிறார் மன்றத்தில் பாடம் சொல்லிக்கொடுக்க, விளையாட்டுப் பயிற்சி தர யாராவது முன்வந்தால் விசாரணை சான்று கேட்கத்தான் வேண்டும். "என்னையே சந்தேகப்படுறியா?" என்று முறைக்கிற ஆசாமியை அப்படியே வாசலோடு அனுப்பிவிடலாம்.

பிள்ளை வாய் திறந்தால்...

உடுப்பு போட்ட பெரியவரிடம் பிள்ளைகள் சில சமயம் வீட்டில் சொல்லாததைச் சொல்லிவிடும். கேம்ப் முடிந்து தட்டு கழுவுகிற இடத்தில், "மிஸ், ஒண்ணு சொல்லவா? யார்ட்டயும் சொல்லக் கூடாது" என்று ஆரம்பிக்கும். "சொல்ல மாட்டேன்" என்று அங்கே சத்தியம் செய்யக் கூடாது!

2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது இரண்டும். "பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுடும், விட்டுடுங்க" என்று யார் சொன்னாலும் தப்ப முடியாது. நாமே உட்கார்ந்து குறுக்கு விசாரணை செய்து பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும் தப்பு. 1098-க்கு போன் செய்யலாம். காசு கிடையாது.

ஒரு விசித்திரம் கேளுங்கள். அதே சட்டம், பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி உடுப்பில் இருக்கக் கூடாது என்கிறது. காக்கியைக் கண்டால் பிள்ளை மிரண்டுவிடும் என்றுதான். அந்த மிரட்சியைக் குறைக்கத்தான் இந்தப் படையில் பிள்ளைகளுக்கே காக்கி மாட்டி, போலீஸ் நிலையத்தையும் சுற்றிக் காட்டுகிறார்கள்!

சேர நினைப்பவர்களுக்கு

ஆசிரியராக இருந்தால் தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். கடைக்காரர், குமாஸ்தா, ரிட்டயர் ஆனவர் என்றால் பக்கத்து போலீஸ் நிலையத்தில் சிறார் மன்றம் உண்டா என்று விசாரிக்கலாம். திடகாத்திரமான உடம்பு வேண்டும் என்பது இல்லை. வாரத்தில் சில மணி நேரம், தவறாமல் வர வேண்டும். நாலு வாரம் வந்து ஐந்தாவது வாரம் காணாமல் போகிறவர், வராமல் இருப்பதே பிள்ளைகளுக்கு நல்லது. போலீசில் ஆள் பழக்கம் கிடைக்கும், வண்டியைப் பிடித்தால் விடச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டு வருகிறவர்களும் உண்டு. அந்தக் கணக்கு 2 வாரத்தில் பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

பரேடு 8 மணிக்கு முடிகிறது என்று வையுங்கள். 43 பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் கேட் ஓரம் நிற்கிறது. கூட்டிப்போக ஆள் வரவில்லை. வாத்தியாருக்குப் பசி. டீச்சருக்கு வீட்டில் குக்கர் வைத்துவிட்டு வந்த கவலை. "நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. அந்தப் பெண்ணின் அப்பா வந்து வண்டியில் ஏற்றுகிற வரைக்கும் 2 பேரும் அங்கேயேதான் நிற்க வேண்டும்.