கைலி என்றாரா, சாரோங் என்றாரா? உடை குறித்த வாய்மொழி நேர்காணல்

வாய்மொழி வரலாறு திரட்டப் புறப்படும் மாணவர் ஒருவர், ஜார்ஜ் டவுனில் ஒரு முதியவர் முன் அமர்ந்து, "அக்காலத்து நாகரிக உடை எவ்வாறு இருந்தது, ஐயா?" என்று வினவுவதாகக் கொள்வோம். "எங்களுக்கு ஏது தம்பி நாகரிகம்? இருந்ததைக் கட்டினோம்" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். பேச்சு அத்துடன் அறுந்துவிடும். முதியவரிடம் சொல்வதற்கு ஏதுமில்லை என்று மாணவரும் குறித்துக்கொள்வார். ஆனால் குறை கேள்வியில் இருக்கிறது. நாகரிகம் என்பது வசதியுள்ளவர்களின் பேச்சு என்று கருதி வளர்ந்தவரிடம் அச்சொல்லை நீட்டினால், அவர் தம்மை ஒதுக்கிக்கொள்ளவே செய்வார்.

துணியைக் கேட்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது தகரப்பெட்டியில் எத்தனை உருப்படிகள் இருந்தன? அவற்றை மடித்து வைத்தவர் யார்? ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் தங்க நேர்ந்திருந்தால், அங்கே உடுதுணியை என்ன செய்தார்கள்? முதற்சம்பளத்தில் வாங்கிய துணி எது, எந்தத் தெருவில் வாங்கினார்? 1926இல் கட்டப்பட்ட 'ராஜூலா' கப்பல் 1970களின் தொடக்கம் வரை தமிழகக் கரைக்கும் பினாங்குக்கும் இடையே ஆட்களை ஏற்றியிறக்கியது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களுக்கு மாற்றுத்துணி என்பது எளிய செய்தியன்று. இத்தகைய கேள்விகளுக்கு "தெரியாது" என்னும் விடை அரிதாகவே வரும்.

உடை குறித்த சிறு கேள்வி பெரிய நிகழ்ச்சிகளையும் திறந்துவிடும். உருசிய மொழியில் எழுதும் பெலாருஸ் எழுத்தாளர் சுவெத்லானா அலெக்சியேவிச், இரண்டாம் உலகப்போரில் சோவியத் படையிற் பணியாற்றிய பெண்களை நேர்கண்டு எழுதிய நூல் 1985இல் வெளிவந்தது. 2015இல் அவருக்கு இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. அப்பெண்கள் போர்முனையை நினைவுகூர்ந்தபோது, அளவில் பெரிய ஆண்கள் காலணியையும், ஆண்களின் உள்ளாடையை அணிய நேர்ந்த கூச்சத்தையும் எடுத்துரைத்தனர். படைத்தலைவர்களின் குறிப்புகளில் நாம் தேடினாலும் கிடைக்காத செய்தி இது. நமக்கு அருகிலேயே இதற்கு இணையான ஒன்று உண்டு. 1943இல் சிங்கப்பூரில் அமைக்கப்பட்ட ஜான்சி ராணிப் படையில், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப்பெண்கள் பலர் சேர்ந்தனர். சேலையும் பாவாடையும் உடுத்தி வளர்ந்தவர்கள் காக்கிக் காற்சட்டைக்குள் முதன்முறையாகக் கால் நுழைத்த அந்த நாளைப் பற்றி நாம் போதிய அளவு கேட்டு வைக்கவில்லை என்பதே எம் கருத்து. அவர்கள் பாடிய பாடல்களைப் பற்றி எத்தனையோ முறை கேட்டுவிட்டோம்.

இனி, சொல்லுக்கு வருவோம். நேர்காணலில் மிக எளிதாகத் தொலைந்துபோவது இதுதான். முதியவர் 'கைலி' என்கிறார். அவருடைய மலாய் அண்டைவீட்டார் அதே துணியைக் 'காயின் பெலிக்காட்' என்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மூதாட்டியோ 'சாரம்' என்கிறார். படியெடுக்கும் மாணவர் மூன்றையும் 'சாரோங்' என்று ஒரே சொல்லாக்கிவிடுகிறார். அவர் அழித்தது எதை? பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயர். ஐரோப்பியர் நாவில் 'புலிக்காட்' எனத் திரிந்த ஊர் அது. டச்சுக்காரர்கள் அங்கே 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். அக்கரையோரத்துக் கட்டம்போட்ட பருத்தித்துணியைக் கொண்டுவந்து கீழைத்தீவுகளின் நறுமணப் பொருள்களுக்கு மாற்றினர். பிரான்சிஸ் லைட் 1786இல் இத்தீவில் இறங்குவதற்கு முன்பே சோழமண்டலக் கரையின் துணி மலாய்க் கடலில் அறிமுகமாகியிருந்தது. இன்று மலாய் ஆடவர் இயல்பாக இடுப்பிற் கட்டும் துணியின் பெயரில் ஒரு தமிழ்க் கடற்கரை ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'சாரோங்' என்று பொதுவாக எழுதிவிட்டால் அந்தத் தடம் ஏட்டிலிருந்து மறைந்துவிடும். ஆகவே, சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதுக. கொச்சை என்று திருத்தற்க. விளக்கம் வேண்டுமாயின் அடைப்புக்குள் தனியே தருக.

யாரைக் கேட்பது என்பதிலும் நாம் பழக்கத்திற்கு அடிமைப்பட்டிருக்கிறோம். உடை என்றவுடன் லிட்டில் இந்தியாவின் சேலைக் கடைகளையே நாடுகிறோம். கடைக்காரர் அறிந்தது விற்ற துணியை. உடுத்திக் கிழிந்த துணியை அறிந்தவர்கள் வேறு சிலர். ஜார்ஜ் டவுனில் ஆயர் தெர்ஜுன் ஆற்றங்கரையில் வண்ணாந்துறை என்றே தமிழர் வழங்கிய இடம் உண்டு. தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகள் அங்கு உழைத்தன. எந்த வீட்டில் எத்தனை வெள்ளைக் காற்சட்டை, எவருடைய வேட்டியில் எத்தனை தையல் என்பதெல்லாம் துவைத்தவர் கைக்குத் தெரியும். துணிகள் கலந்துவிடாதிருக்கச் சலவையாளர் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட குறிகள் தனியே ஓர் எழுத்துமுறை போன்றவை. அவற்றை வாசிக்கக் கூடியவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய நிழற்படத்தைக் காட்டிப் பேசவைப்பது நல்ல முறைதான். ஆயினும் நிழற்பட நிலையங்கள் கோட்டையும் இரவலாகத் தந்த காலம் அது. "இந்தக் கோட்டு உங்களுடையதா?" என்று தயங்காமல், ஆனால் பணிவாகக் கேட்க வேண்டும். இரவல் என்று தெரிந்தால் ஏமாற வேண்டியதில்லை. ஊருக்கு அனுப்பும் படத்தில் எப்படித் தோன்ற விரும்பினார் என்பதற்கு அதுவே சான்று.

ஊர் திரும்பிய பெட்டியையும் மறத்தலாகாது. பினாங்கு 1969 வரை தீர்வையற்ற துறைமுகமாக இருந்தது. ஒரு காலத்தில் சோழமண்டலத்திலிருந்து இங்கு வந்த துணி, பிற்காலத்தில் நைலான் சேலையாகவும் சட்டைத்துணியாகவும் இங்கிருந்து தமிழகச் சிற்றூர்களுக்குச் சென்றது. யாருக்கு எந்தச் சேலை என்பதில் எழுந்த மனத்தாங்கல்கள் சில குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. இப்பகுதியில் பதிவுக் கருவியை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

1953இல் குடிநுழைவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபின் தமிழகத்திலிருந்து புதிதாக வருவோர் தொகை சுருங்கியது. அதற்குமுன் வளர்ந்தவராய் வந்தவர் எவரும் இன்று தொண்ணூறு வயதுக்குக் குறைந்தவரல்லர். அவர்களிடம் நீண்ட நேரம் பேச இயலாது. நாற்பது நிமிடம் போதும். இரண்டாம் நாள் மீண்டும் செல்க. முதல்நாள் பேச்சு முடிந்தபின் பெட்டியைத் திறந்து எதையேனும் எடுத்து வைத்திருப்பார்கள்.