பதட்டத்துல கண்ணு எதைப் பார்க்கும்?

இந்த வாரம் கண்ணைப் பத்திப் பேசப் போறோம். பவர், கண்ணாடி பத்தி இல்ல. உடம்பு பதறும்போது நாம எதைப் பார்க்கிறோம், எதைத் தவற விடுறோம், அதைப் பத்தி.

நான் வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்ல. ஒரு ராத்திரி அப்பா, அம்மா, நான் மூணு பேரும் ஸ்கூட்டர்ல வர்றோம். ரவுண்டானாவுல ஒரு லாரி உரசுற மாதிரி வந்து நின்னுச்சு. யாருக்கும் அடி இல்ல. வீட்டுக்கு வந்ததும் சண்டை. டிரைவரோட முகத்தை அம்மா அப்படியே சொல்றாங்க. அப்பாவுக்கு ஹெட்லைட்டைத் தவிர எதுவும் ஞாபகம் இல்ல. "பார்க்காமலா ஓட்டுனீங்க?"ன்னு அம்மா கேட்டாங்க. அப்பா பதிலே சொல்லல.

அப்பா பார்த்துத்தான் ஓட்டினார். ஆபத்துன்னு மூளைக்குத் தோணின உடனே நார்அட்ரினலின் சுரக்கும், கண்ணின் பாப்பா விரியும். கூடவே கவனம் சுருங்கிடும். டார்ச் லைட்டைக் குவிச்சா நடுவுல பளிச்சுனு தெரியும், ஓரம் இருட்டாயிடும் இல்லையா, அந்த மாதிரி. ஈஸ்டர்புரூக்ங்கிற உளவியலாளர் 1959-லயே இதைப் பத்தி எழுதியிருக்கார்.

சரி, ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டா? 2010-ல மாரா மாதர் குழு, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல, ஒரு சோதனை பண்ணாங்க. சிலரோட கையை ஐஸ் தண்ணிக்குள்ள வைக்கச் சொல்லி அழுத்தத்தை ஏத்தி, அப்புறம் கோபமான முகங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் பண்ணாங்க. முகத்தை அடையாளம் காண உதவுற மூளைப் பகுதியோட வேலை ஆண்களுக்குக் குறைஞ்சுது, பெண்களுக்குக் கூடுச்சு.

எங்க வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்பு கிடைச்ச மாதிரி இருக்குல்ல? அவசரப்படாதீங்க. கலந்துக்கிட்டவங்க 47 பேர்தான். அது சராசரிக் கணக்கு, எங்க அப்பா அம்மா கணக்கு இல்ல. பின்னாடி உட்கார்ந்திருந்த எனக்கும் அந்த டிரைவர் முகம் ஞாபகம் இல்ல, நான் பொண்ணுதான். வாட்ஸ்அப்ல "பெண்கள் மூளை இப்படி"ன்னு வர்றதை இதை வெச்சு நம்பிடாதீங்க.

எனக்கு இதைவிட முக்கியமா படுறது வேற. 2004-ல சார்லஸ் மார்கன் குழு, பயிற்சியில இருந்த 500-க்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினர்கிட்ட ஒரு ஆய்வு நடத்தினாங்க. தன்னை மிரட்டி விசாரிச்ச ஆளோட முகத்தை அரை மணி நேரத்துக்கும் மேல நேர்ல பார்த்தவங்க அவங்க. அடுத்த நாள் வரிசையா ஆட்களை நிறுத்திக் கேட்டப்போ, பாதிப் பேருக்கும் மேல சரியா அடையாளம் காட்ட முடியல. ராணுவத்துக்காரங்களுக்கே அந்த நிலைமை.

2020 ஜூலை 1, நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்துல பாய்லர் வெடிச்சுது. அன்னிக்கே 6 பேர் இறந்துட்டாங்க, சிகிச்சையில இருந்தவங்களும் அடுத்தடுத்து. அந்த மாதிரி இடத்துலேர்ந்து தப்பிச்சு வர்ற ஒருத்தர்கிட்ட, பக்கத்துல யார் நின்னாங்க, எந்த வால்வு திறந்திருந்துச்சுன்னு கேட்டா, "தெரியலைங்க"ன்னு பதில் வரலாம். அதைக் கேட்டு "மறைக்கிறான்"னு எழுதிடக் கூடாது. முதல்ல அவர் எதைப் பார்த்தாரோ அதை அவர் போக்குல சொல்ல விடணும், குறுக்கே பேசாம.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட நாங்க யாரும் அப்படிக் கேக்கல.